டர்பன் நகர மண்டபத்தில் ஒரு வியாழன் மாலை: சாப்பாடும் சிம்பனியும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சனிக்கிழமை காலைகளில், தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நம்மவர் நிறைய வாழும் சாட்ஸ்வொர்த்தில், ஒரு கோயில் மண்டபத்தில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்பு முடிந்து பிள்ளைகள் செருப்பு தேடும் நேரத்தில் பெற்றோர் சூழ்ந்துகொள்வார்கள். "டீச்சர், வியாழக்கிழமை சிட்டி ஹாலுக்குப் போனீங்களாமே, எங்களையும் ஒருநாள் கூட்டிட்டுப் போங்களேன்" என்று ஒருவர் தொடங்குவார். என்ன உடுத்துவது, எங்கே சாப்பிடுவது, காரை எங்கே விடுவது என்று பேச்சு நீண்டுகொண்டே போகும். ஊரிலிருந்து வேலைக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகாத ஐ.டி. பிள்ளைகள் இதையே வாட்ஸப்பில் கேட்கிறார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவள் நான். பதினெட்டு வருஷமாகச் சிட்டி ஹாலில் நடக்கும் சிம்பனிக் கச்சேரிகளுக்குப் போய்வருகிறேன். எல்லாருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

ஆர்கெஸ்ட்ரா என்றால் சினிமாப் பாட்டுக் குழுதானே?

நம் ஊர்த் திருவிழாவில் "இன்று இரவு ஆர்கெஸ்ட்ரா" என்று தட்டி வைத்தால் அப்படித்தான். டர்பனிலும் ஒரு காலத்தில் கல்யாண வீடுகளில் தமிழ், இந்தி சினிமாப் பாட்டு வாசித்த குழுக்களை இந்தியன் ஆர்கெஸ்ட்ரா என்றே சொன்னார்கள். அதனால் இந்தக் குழப்பம் நியாயமானதுதான்.

இது வேறு. அறுபது எழுபது பேர் ஒரே மேடையில் உட்கார்ந்து, மைக் இல்லாமல், தாளில் எழுதிய இசையை வாசிப்பது. பெரும்பாலும் பாடகர் இருக்க மாட்டார். வயலின், வியோலா, செல்லோ, டபுள் பேஸ் என்று தந்திக் கருவிகள் பாதிக்கு மேல். அவற்றுக்குப் பின்னால் புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், பசூன். அதற்கும் பின்னால் ஹார்ன், ட்ரம்பெட், ட்ராம்போன். கடைசி வரிசையில் தாளக்காரர்கள். நடுவில் வாத்தியம் எதுவும் இல்லாமல் கையில் ஒரு குச்சியோடு நிற்பவர் கண்டக்டர்.

எங்கே, எப்போது நடக்கிறது?

குவாசுலு-நட்டால் (டர்பன் இருக்கும் மாகாணம்) ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ரா வாசிக்கிறது. 1983-இல் நட்டால் ஃபில்ஹார்மோனிக் என்ற பெயரில் தொடங்கிய குழு இது. வருஷம் முழுக்கத் தொடர்ந்து நடப்பதில்லை. பருவத்துக்கு ஒரு தொடர் என்று பிரித்து, அந்தத் தொடரில் வியாழக்கிழமை மாலைகளில் வைப்பார்கள். ஆரம்ப நேரமும் இடமும் மாறக்கூடும், சீட்டில் போட்டிருப்பதைப் பாருங்கள்.

இடம் டர்பன் சிட்டி ஹால். டாக்டர் பிக்ஸ்லி காசெமே ஸ்ட்ரீட் என்று பலகையில் இருக்கும், பெரியவர்கள் வாயில் இன்னும் வெஸ்ட் ஸ்ட்ரீட்தான். 1910-இல் திறந்த கட்டடம். வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகர மண்டபத்தை ஒத்த அமைப்பு, நடுவில் பெரிய குவிமாடம். இதே கட்டடத்துக்குள் ஓவியக்கூடமும் இயற்கை அறிவியல் அருங்காட்சியகமும் இருக்கின்றன. அருங்காட்சியகத்தில் மொரிஷியஸ் டோடோ பறவையின் எலும்புக்கூடு உண்டு. பிள்ளைகளை ஒருநாள் பகலில் அதற்கென்றே கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

நமக்கு இந்த இசை புரியுமா?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்தப் பக்கத்தையே எழுதுகிறேன்.

வயலின் நம்மிடம் எப்படி வந்தது என்று யோசித்துப் பாருங்கள். இருநூறு வருஷத்துக்கு முன் சென்னை மணலியில் வெள்ளைக்காரர்களின் பேண்டு இசையைக் கேட்ட முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் வயலினைக் கற்றுக்கொண்டு, அதை நம் கச்சேரிக்குக் கொண்டுவந்தார். அண்ணனோ அந்த பேண்டு மெட்டுகளுக்கே வரிகள் எழுதினார். அவைதான் நோட்டுஸ்வரங்கள், எல்லாமே சங்கராபரணத்தில். பாட்டு கிளாஸுக்குப் போன யாரும் ஒன்றிரண்டாவது பாடியிருப்பீர்கள். அப்படிப் பார்த்தால் இந்த உறவு தாத்தா காலத்தையும் தாண்டிப் போகிறது.

ஸ்வரங்களும் அந்நியம் இல்லை. அவர்கள் மேஜர் என்று சொல்லும் ஸ்வர வரிசை நம் சங்கராபரணம். மைனரில் ஒரு வகை நடபைரவி, இன்னொரு வகை கீரவாணி. ஆனால் கமகம் இருக்காது. ஸ்வரம் அசையாமல் நிற்கும். முதல் தடவை கேட்கும்போது ஏதோ குறைவது போலத் தோன்றுவது இதனால்தான்.

அசைவுக்குப் பதிலாக அவர்களிடம் அடுக்கு இருக்கிறது. நம் கச்சேரியில் ஒரே மெட்டுதான் போகும். பாடகர் போகும் வழியிலேயே வயலினும் பின்தொடரும், அடியில் தம்புரா மாறாமல் நிற்கும். இங்கே ஒரே நேரத்தில் நாலைந்து மெட்டு போகும். மேலே வயலின் ஒன்று சொல்ல, நடுவில் செல்லோ மறுத்துப் பேச, அடியில் டபுள் பேஸ் தரையைப் போல நகரும். தம்புராவே நடக்க ஆரம்பித்தால் எப்படி இருக்குமோ அப்படி. எல்லாவற்றையும் பிடிக்கப் பார்த்தால் தலை சுற்றும். என் வழி இதுதான்: ஒரு கருவியைத் தேர்ந்துகொண்டு பத்து நிமிஷம் அதன் கூடவே போங்கள். முதல் தடவை டபுள் பேஸைப் பிடித்துக்கொள்ளச் சொல்வேன். கீழே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் மேலே நடப்பது தானே காதில் விழும்.

இன்னும் ஒரு சொந்தக்காரரை மேடையில் தேடுங்கள். ஓபோ வாசிப்பவர் நடுவரிசையில் இருப்பார். அவர் கருவியின் வாய்ப்பக்கம் சின்னதாக ஒரு தகடு நீட்டிக்கொண்டிருக்கும். அது சீவாளிதான். இரண்டு நாணல் தகடுகளைச் சேர்த்துக் கட்டி, ஊதும்போது ஒன்றோடொன்று அதிரவைக்கும் அதே வேலை. நம் நாகஸ்வரக்காரர் வாத்தியத்திலேயே உபரிச் சீவாளிகளைத் தொங்கவிட்டிருப்பார், இவர் சின்ன டப்பியில் வைத்திருப்பார். வாசிப்பதற்கு முன் அதை உதட்டில் வைத்து ஈரமாக்குவார். என் பக்கத்து இருக்கையில் ஒரு தடவை கடலூர்க்காரத் தம்பி உட்கார்ந்திருந்தார். "டீச்சர், எங்க ஊர் மேளக்காரர் மாதிரியே பண்றாரு" என்று அதைப் பார்த்துதான் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஆரம்பத்தில் எல்லாரும் ஒரே ஸ்வரத்தை இழுக்கிறார்களே, அதுவும் பாட்டா?

இல்லை, சுருதி சேர்க்கிறார்கள். முதல் வயலின்காரர் கடைசியாக மேடைக்கு வருவார், நாம் கை தட்டுவோம். அவர் தலையசைத்ததும் ஓபோ ஒரு ஸ்வரம் கொடுக்கும். நொடிக்கு 440 அதிர்வு என்பது பொதுக்கணக்கு. குழுவைப் பொறுத்து ஒன்றிரண்டு கூடும். ஓபோவின் குரல் கூர்மையானது, எளிதில் அலையாது, அதனால் அதற்கு இந்தப் பொறுப்பு. மற்ற எல்லாரும் அதோடு சேர்வார்கள்.

அப்போது பின்வரிசையில் டிம்பனிக்காரரைப் பாருங்கள். பெரிய செப்புக் குடங்கள் மூன்று நாலு, மேலே தோல். அவர் தோலின் மேல் காதை வைத்து, விரல் நுனியால் மெல்லத் தட்டி, காலால் ஒரு மிதியை அழுத்தி ஏற்றுவார் இறக்குவார். மிருதங்கக்காரர் கல்லும் கட்டையும் வைத்துத் தட்டிச் சேர்ப்பதை மேடையோரத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்த காட்சி. கச்சேரி நடுவிலும், மற்றவர்கள் உரக்க வாசித்துக்கொண்டிருக்கும்போதே, அடுத்த பகுதிக்காக அவர் குனிந்து சுருதி மாற்றிக்கொண்டிருப்பார். அந்தச் சத்தத்துக்கு நடுவே தன் தோலின் குரல் அவர் காதில் எப்படி விழுகிறது என்பது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்.

கண்டக்டர் நிஜமாகவே ஏதாவது செய்கிறாரா?

தாளம் போடுகிறார். கை கீழே இறங்குவது முதல் அடி, நம் சமம் மாதிரி. மூன்று அடி என்றால் கீழே, வெளியே, மேலே. நாலு என்றால் கீழே, உள்ளே, வெளியே, மேலே. மடியில் விரல் வைத்து நீங்களும் போட்டுப் பார்க்கலாம், சத்தம் வராமல். யார் எப்போது நுழைய வேண்டும், எங்கே அடங்க வேண்டும், எங்கே ஓட வேண்டும் என்பதை எல்லாம் இடது கையும் கண்ணும் சொல்லும். ஆனால் அவர் வேலையில் பெரும்பகுதி ஒத்திகையில் முடிந்திருக்கும்.

எப்போது கை தட்டலாம்?

நம் கச்சேரியில் ஒரு நல்ல பிருகா விழுந்தால் "ஆஹா" என்போம், தனி ஆவர்த்தனம் நடுவிலேயே தட்டுவோம். இங்கே அந்த ஆசையை அடக்கிவைக்க வேண்டும். சிம்பனி என்பது பெரும்பாலும் நாலு பகுதி. பகுதிகளுக்கு நடுவே சில நொடி மௌனம் வரும், இருமுவார்கள், தாள் புரட்டுவார்கள். அப்போது தட்டுவதில்லை. முழுதும் முடிந்து கண்டக்டர் கையைத் தொங்கவிட்டு நம் பக்கம் திரும்பிய பிறகு தட்டினால் போதும்.

தெரியாமல் தட்டிவிட்டால் ஒன்றும் குடி முழுகிப்போகாது. இந்த மௌன வழக்கமே பின்னால் வந்ததுதான். மோட்ஸார்ட் காலத்தில் நடுவில் தட்டுவது சாதாரணம்.

சாப்பாடு முன்பா, பின்பா?

முன்பு. லேசாக. இதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது.

காரணம் சொல்கிறேன். சில வருஷத்துக்கு முன் என் மாமியாரின் பிறந்தநாள். அழகாக ஒரு ஹோட்டலில் மேசை சொல்லிவைத்து, கச்சேரிக்கு ஒன்றேகால் மணி நேரம் முன்பாகப் போய் உட்கார்ந்தோம். சூப் வந்தது. அதன் பிறகு நாற்பத்தைந்து நிமிஷம் எதுவும் வரவில்லை. கேட்டால் "இதோ, இதோ". கடைசியில் வந்த சாப்பாட்டைப் பாதியில் விட்டு, பில் கொடுத்து, ஒவ்வொரு ரோபோட்டிலும் (டிராஃபிக் சிக்னலுக்கு இந்த ஊரில் அதுதான் பெயர்) சிவப்பு விழ விழ ஓடிவந்தோம். கதவு சாத்திவிட்டார்கள். ஒரு உருப்படி முடியும்வரை யாரையும் உள்ளே விடமாட்டார்கள். அது சரியான வழக்கமும்கூட. அந்த மரக் கதவுக்கு வெளியே, கால் வலியோடு, எழுபது வயதைத் தாண்டிய அந்த அம்மா நின்றுகொண்டே கேட்டார். கதவிடுக்கில் டிரம்பெட் மட்டும் தெளிவாக வந்தது, மற்றதெல்லாம் சுவருக்குள் முழங்கியது. "எங்கப்பாவும் இப்படித்தான் வெளியே நின்னு கேட்டிருப்பார் கண்ணு" என்றார். அதைப் பற்றிப் பின்னால் எழுதுகிறேன். அன்றிலிருந்து என் கணக்கு மாறிவிட்டது.

கச்சேரிக்கு இரண்டு மணி நேரம் முன்பே மேசையில் இருக்க வேண்டும். உட்கார்ந்ததும் "இத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், சிட்டி ஹால் கச்சேரி" என்று பரிமாறுபவரிடம் சொல்லிவிடுங்கள். வறுத்து, வாட்டி, அடுப்பில் வைத்து என்று நேரம் பிடிப்பதைத் தவிருங்கள். பில்லைச் சாப்பாட்டோடு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இனிப்பு, காபி எல்லாம் பிறகு.

எங்கே என்று கேட்டால், ஃப்ளோரிடா ரோடு பக்கம் வசதி. மார்னிங்சைடில் வரிசையாகக் கடைகள். அங்கிருந்து மண்டபத்துக்குக் காரில் பத்துப் பதினைந்து நிமிஷம்தான் ஆகும். மண்டபத்தைச் சுற்றியுள்ள நகர மையம் பகலில் ஜேஜே என்று இருக்கும், இருட்டினால் வெறிச்சோடும். டாக்டர் குணம் ஸ்ட்ரீட் பக்கத்துக் குஜராத்திச் சைவக் கடைகள் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் அவை பகல் கடைகள். மாலையில் திறந்திருக்குமா என்று போன் செய்துவிட்டுப் போங்கள். அந்தத் தெரு பழைய பிரின்ஸ் எட்வர்ட் ஸ்ட்ரீட். இப்போது அதற்கு, நிறவெறியை எதிர்த்துச் சிறை சென்ற நம் டாக்டர் குணம் அம்மாவின் பெயர். அதில் நடக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தோஷம்.

பன்னி சாவ் சாப்பிட்டுவிட்டுப் போகலாமா?

புதிதாக வந்தவர்களுக்காக ஒரு வரி: பன்னி சாவ் என்பது ரொட்டியின் நடுவைத் தோண்டிக் குழம்பை ஊற்றித் தருவது. கால், அரை என்று ரொட்டியின் அளவைச் சொல்லிக் கேட்க வேண்டும். டர்பன் இந்தியர் கடைகளில் பிறந்த சாப்பாடு. கையால்தான் சாப்பிட வேண்டும்.

போகலாம், ஒரு காலோடு நிறுத்திக்கொண்டால். ஆட்டுக்கறிக் குழம்பு பன்னி அரை சாப்பிட்டால் இரண்டாம் பகுதியின் மெதுவான இசையில் தூக்கம் வந்துவிடும், நான் பார்த்திருக்கிறேன். சுகர் பீன்ஸ் பன்னி லேசு. சாப்பிட்ட பிறகு எலுமிச்சைத் துண்டு போட்டு விரல் இடுக்கு வரை கழுவுங்கள். என் அலமாரியில் ஒரு நிகழ்ச்சி நிரல் புத்தகம் இருக்கிறது. அட்டையில் கட்டைவிரல் ரேகை மஞ்சளாக அப்படியே பதிந்திருக்கிறது. பக்கத்து இருக்கைக்காரர் அன்று முழுக்க மசாலா வாசனையோடுதான் இசை கேட்டிருப்பார் என்று நினைத்தால் இன்றைக்கும் வருத்தமாக இருக்கிறது.

பிரியாணி வேண்டாம். டர்பன் பிரியாணியில் பருப்பும் சேரும், மேலே தால் ஊற்றிக்கொள்வோம், வயிறு கனத்துவிடும். அது ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு.

புரட்டாசி விரதத்தில் போகலாமா?

செப்டம்பர் பாதியிலிருந்து அக்டோபர் பாதிவரை புரட்டாசி. இந்த ஊரில் வசந்தகாலம். அந்தச் சமயத்தில் கச்சேரித் தொடர் நடந்தால் இந்தக் கேள்வி ஒவ்வொரு வருஷமும் வரும். தமிழ்நாட்டில் சனிக்கிழமை மட்டும் விரதம் இருக்கும் வீடுகள் நிறைய. இங்கே மாதம் முழுக்கக் கறி, மீன், முட்டை, மது எதுவும் தொடாத வீடுகளே அதிகம். கப்பல் ஏறி வந்து நாலைந்து தலைமுறை ஆன பிறகும் இவ்வளவு கண்டிப்பாகப் பிடித்துவைத்திருப்பதைப் பார்த்து, வந்த புதிதில் நான் வாயடைத்துப் போனேன்.

இசைக்கும் விரதத்துக்கும் சண்டை இல்லை, தாராளமாகப் போங்கள். சாப்பாட்டில்தான் கவனம். "சைவமா" என்று மட்டும் கேட்டால் கேக்கிலும் பாஸ்தாவிலும் முட்டை வந்துவிடும். "முட்டையும் கூடாது, தனிப் பாத்திரம் வேண்டும்" என்று சொல்ல வேண்டும். நம்மவர் கடைகளில் புரட்டாசி என்று ஒரு சொல் சொன்னால் போதும், மற்றதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். நான் அந்த மாதத்தில் கடைக்கே போவதில்லை. வீட்டில் புளிச்சோறும் உருளைக்கிழங்குப் பொரியலும் முடித்துவிட்டுக் கிளம்புவேன். இடைவேளையில் வெளியே விற்கும் தின்பண்டத்தைத் தொடாமல் இருக்கக் கைப்பையில் நாலு பேரீச்சம்பழம்.

என்ன உடுத்துவது?

சுத்தமாக, உங்களுக்கு வசதியாக. கோட், டை கட்டாயம் இல்லை. புடவை கட்டிப் போனால் மண்டபமே அழகாக இருக்கும், நான் எப்போதும் அப்படித்தான். கண்ணாடி வளையலும் முத்து வைத்த கொலுசும் வேண்டாம். மெல்லிய இடத்தில் கை அசைத்தால் மூன்று வரிசைக்குக் கேட்கும். ஜூன், ஜூலை இரவுகளில் சால்வை எடுத்துக்கொள்ளுங்கள்.

காரை எங்கே விடுவது? இருட்டில் பயமில்லையா?

கவனம் வேண்டும். மண்டபத்துக்கு மிக அருகில், மற்ற ரசிகர்கள் நிறுத்தும் இடத்திலேயே நிறுத்துங்கள், தூரத்துச் சந்தில் வேண்டாம். சீக்கிரம் போனால்தான் அந்த இடம் கிடைக்கும், சாப்பாட்டை முன்னால் தள்ளச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். மினுங்கும் சட்டை போட்ட கார் காவலர்கள் (கார் கார்ட் என்பார்கள்) நிற்பார்கள். போகும்போது வணக்கம் சொல்லி, திரும்பும்போது சில ரேண்ட் கொடுங்கள். மூன்று மணி நேரம் நின்று பார்த்துக்கொள்கிறவருக்கு அது கூலி. இருக்கையில் பை, போன் எதுவும் தெரியக்கூடாது. தனியாக வருகிறவர்கள் ஊபர், போல்ட் எடுத்து வாசலிலேயே இறங்கலாம். திரும்பும்போது படிக்குள் நின்றபடியே வண்டியைக் கூப்பிடுங்கள், தெருவுக்கு இறங்கி அல்ல.

பிள்ளைகளை அழைத்துப் போகலாமா?

எட்டு வயதுக்கு மேல் என்றால் சரி என்பது என் அனுபவம். என் மகளை ஒன்பதில் கூட்டிப்போனேன். முழுக் கச்சேரியையும் இசையாக அவள் கேட்கவில்லை, வேடிக்கையாகப் பார்த்தாள். எல்லா வயலின் வில்லும் ஒன்றாக மேலே போய் ஒன்றாகக் கீழே வருவதை எண்ணினாள். ஹார்ன்காரர் குழாயைக் கழற்றிக் கவிழ்த்துத் தண்ணீர் சொட்டவிட்டதைப் பார்த்து என் காதில் "எச்சில்!" என்றாள். மூச்சின் ஈரம் குளிர்ந்து தண்ணீராவது என்று இடைவேளையில் விளக்கினேன். ஓர இருக்கை வாங்குங்கள், அழுகை வந்தால் எழுந்து போக. இருமல் மிட்டாயின் காகிதத்தை முன்கூட்டியே பிரித்துக் கைக்குட்டையில் வைத்துக்கொள்ளுங்கள். இது பெரியவர்களுக்கும்தான்.

எந்த இருக்கை நல்லது?

மாடி. மேலிருந்து பார்த்தால் யார் வாசிக்கிறார்கள் என்று தெரியும், ஒலியும் ஒன்றாகக் கலந்து மேலே வரும். முன்வரிசையில் வயலின்காரரின் காலணிதான் தெரியும்.

முதல் தடவைக்கு எது நல்லது?

நிரலில் பீத்தோவனின் ஐந்தாம் சிம்பனி இருந்தால் யோசிக்காமல் போங்கள். த-த-த-தாம் என்று நாலு ஸ்வரத்தில் ஆரம்பிக்கும். அந்த நாலையே வைத்துக்கொண்டு அரைமணி நேரம் அவர் கட்டுவது, ஒரே ஒரு பல்லவி வரியை எடுத்து நிரவல் செய்வது போல. 1808 டிசம்பர் 22-ஆம் தேதி வியன்னாவில் முதலில் வாசித்தார்கள். அன்றைய கச்சேரி மொத்தம் நாலு மணி நேரம், மண்டபத்தில் கடும் குளிர். மூன்றாம் பகுதி முடியாமலே நாலாவதுக்குள் பாயும். டிம்பனி மெல்லத் தட்டிக்கொண்டிருக்க, ஒலி கூடிக்கூடி வந்து மேஜரில் வெடிக்கும். அந்த ஒரு நிமிஷத்துக்காகவே நான் மூன்று தடவை போயிருக்கிறேன்.

இன்னொன்று செக் நாட்டுக்காரரான த்வோர்ஷாக்கின் ஒன்பதாவது சிம்பனி. அமெரிக்காவில் இருந்தபோது சொந்த ஊரை நினைத்து ஏங்கியவர் அவர். 1893-இல் நியூயார்க்கில் முதல் தடவை வாசிக்கப்பட்டது. இரண்டாம் பகுதியில் கோர் ஆங்கிலே என்னும் கருவி, ஓபோவின் அக்கா என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு நீண்ட மெட்டு வாசிக்கும். ஊரை விட்டு வந்த யாருக்கும் தொண்டை அடைக்கும். இதே சிம்பனியில் பெரிய ஜால்ரா, அதாவது சிம்பல், மொத்தத்துக்கும் ஒரே ஒரு தடவைதான் தட்டுகிறது, அதுவும் கடைசிப் பகுதியில், மெதுவாக. ஏறக்குறைய அரைமணி நேரம் அந்த ஒரு தட்டுக்காக ஒருவர் காத்திருப்பார். அவர் எழுந்து நிற்பதைக் கவனியுங்கள்.

இளையராஜா சிம்பனி எழுதினாரே, அதுவும் இதுதானா?

ஆம், இதே வடிவம். 2025 மார்ச் 8-இல் லண்டனில் அதை வாசித்தார்கள். அவர் சினிமாப் பாட்டின் இடையிசையில் வயலின்கள் அடுக்கடுக்காக வருவதை ரசித்தவர்கள் பாதி தூரம் ஏற்கெனவே வந்துவிட்டீர்கள்.

அது வெள்ளைக்காரர் இடமாச்சே, நாம் போனால் ஒரு மாதிரி பார்ப்பார்களோ?

வகுப்பில் இதை இளையவர்கள் கேட்பதில்லை. அறுபது தாண்டியவர்கள், குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்பார்கள். அவர்களிடம் "அதெல்லாம் ஒன்றும் இல்லை" என்று ஒரு வார்த்தையில் தள்ளிவிட எனக்கு மனம் வராது. 1953-இல் வந்த தனி வசதிச் சட்டம் 1990-இல்தான் நீங்கியது. கடற்கரை, பெஞ்சு, பஸ், மண்டபம் எல்லாம் நிறம் பார்த்துப் பிரித்த சட்டம் அது. அந்தக் காலத்தில் வளர்ந்தவர் காலுக்கு ஒரு படியில் தயக்கம் இருந்தால் அது அவர் தவறு அல்ல.

என் மாமியாரின் அப்பா மேகசின் பாரக்ஸில் பிறந்து வளர்ந்தவர். டர்பன் நகராட்சியில் வேலை பார்த்த இந்தியத் தொழிலாளர் குடும்பங்களுக்காகக் கட்டிய வரிசை வீடுகள் அவை. பெரும்பாலும் தமிழும் தெலுங்கும். அறுபதுகளில் எல்லாரையும் சாட்ஸ்வொர்த்துக்கு மாற்றிவிட்டு இடித்துவிட்டார்கள். தாத்தாவுக்குத் தெரு கூட்டும் வேலை, வெஸ்ட் ஸ்ட்ரீட்டும் ஸ்மித் ஸ்ட்ரீட்டும் அவர் பகுதி. அப்போது நகராட்சிக்கே ஒரு ஆர்கெஸ்ட்ரா இருந்தது. மாலை வேலையில் மண்டபத்து ஜன்னல் திறந்திருந்தால் துடைப்பத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு நிற்பாராம். மேஸ்திரி வந்தால் நகர்ந்துவிடுவாராம்.

அவர் தெருக்கூத்தும் ஆடுவார். இந்த ஊரில் அதற்குச் சிக்ஸ் ஃபுட் டான்ஸ் என்று பெயர். விடிய விடிய நடக்கும். வீட்டில் துடைப்பம் கட்டும்போது ஒரு மெட்டை முணுமுணுத்துக்கொண்டே இருப்பார். தன்னன்னா னான்னா, நானா, நானா. அது கூத்துப்பாட்டு என்றே என் மாமியார் வாழ்நாள் முழுக்க நினைத்திருந்தார்.

நான் முதன்முதலாக மாமியாரைச் சிட்டி ஹாலுக்கு அழைத்துப்போன வருஷம், வால்ட்ஸ் என்னும் மூன்று அடித் தாள நடன இசையாக வாசித்த ஒரு மாலை. 1867-இல் முதலில் வாசிக்கப்பட்ட, ஸ்ட்ராஸின் டான்யூப் நதி வால்ட்ஸ். ஆரம்பத்தில் வயலின்கள் நடுங்கும், ஹார்ன் தூரத்திலிருந்து கூப்பிடும், பிறகு மெட்டு வரும். மெட்டு வந்ததும் அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். வலித்தது. "அப்பா பாட்டு" என்றார். மூன்று அடித் தாளத்தை மடியில் விரலால் தட்டிக்கொண்டே முழுதும் கேட்டார். இடைவேளையில் படியோரம் நின்று, கீழே தெருவைக் காட்டி, "அங்கதான் நின்னிருப்பார், அந்தக் கம்பம்கிட்ட" என்றார்.

அதனால் யாராவது ஒரு மாதிரி பார்ப்பார்களோ என்று கேட்கிற பெரியவர்களுக்கு என் பதில்: இப்போது மேடையில் கறுப்பின இளைஞர்கள் செல்லோ வாசிக்கிறார்கள், மாடியில் நம் முகங்கள் நிறைய இருக்கின்றன, சீட்டு வாங்கியவருக்கு இருக்கை. முதல் நாள் உங்களோடு நான் வருகிறேன். எனக்குப் பக்கத்தில் உட்காருங்கள்.

கச்சேரி முடிந்ததும் நேரே வீட்டுக்கா?

பசி அப்போதுதான் திரும்பும். கடைகள் அடைத்துக்கொண்டிருக்கும். அதனால் கிளம்பும்போதே ஒரு டப்பாவில் பருப்பு வடையும் ஃபிளாஸ்கில் இஞ்சி டீயும் காரின் பின்பெட்டியில் வைத்துவிடுவேன். நாலைந்து குடும்பம் சேர்ந்து போனால் நார்த் பீச் பக்கம், விளக்கும் ஆட்களும் இருக்கும் இடமாகப் பார்த்து, வண்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, கதவைத் திறந்துவைத்து உட்காருவோம். வடை ஆறிப்போயிருக்கும், டீ சூடாக இருக்கும். யாருக்கு எந்த இடம் பிடித்தது என்று அப்போதுதான் பேச்சு வரும். என் மாமியார் அந்த நேரத்தில் பேச மாட்டார், கடலைப் பார்த்துக்கொண்டு மெல்ல முணுமுணுப்பார். அடுத்த தொடருக்கு எத்தனை சீட்டு வேண்டும் என்பதையும் அங்கேயே பெயர் சொல்லி எழுதிக்கொள்வேன். வர நினைப்பவர்கள் சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் சொல்லிவிடுங்கள்.